வயலில் உப்பு எங்கே இருக்கிறது? அளந்து படம் போட்டுப் பார்க்கும் முறை

நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைமடைப் பகுதிகளில் சம்பா நடவு முடிந்த பத்துப் பதினைந்து நாட்களில் ஒரு காட்சியைக் காணலாம். வயலின் பெரும்பகுதியில் நாற்று பச்சை பிடித்துத் தூர் கட்டத் தொடங்கியிருக்கும். ஒரு மூலையில் மட்டும் இலை நுனி வெளுத்துச் சுருண்டு, பயிர் திட்டுத் திட்டாகச் செத்துக் கிடக்கும். விவசாயி மீதமிருக்கும் நாற்றைக் கொண்டு வந்து அதே இடத்தில் மறுபடியும் நடுவார். அதுவும் நிற்காது. அடுத்த ஆண்டு அந்தத் திட்டு சற்று அகன்றிருக்கும்.

இந்நிலையில் பலர் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகின்றனர். வழக்கமான முறைப்படி வயலின் பல இடங்களில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ அனுப்பப்படுகிறது. முடிவில் உப்பின் அளவு கவலைப்படும்படி இல்லை என்று வருகிறது. ‘பரிசோதனையே தவறு’ என்று சிலர் முடிவு செய்துவிடுகின்றனர். வேறு சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு வயல் முழுவதும் ஜிப்சம் வாங்கிப் போடுகின்றனர். இரண்டினாலும் பயன் இல்லை. பரிசோதனை தவறவில்லை. மண் எடுத்த முறைதான் இந்தப் பிரச்சினைக்குப் பொருந்தவில்லை.

உர அளவைக் கணக்கிட வயலின் சராசரி போதும். உப்பைப் பொறுத்த வரையில் சராசரி போதாது. உப்பு வயல் முழுவதும் சமமாகப் பரவி இருப்பதில்லை. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு இருக்கிறது என்று தனித்தனியாக அளந்து, அதைப் படமாக வரைந்து பார்த்தால்தான் நோயும் தெரியும், மருந்தும் தெரியும்.

சராசரி மறைப்பது என்ன?

உதாரணமாக, சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தை எடுத்துக் கொள்ளலாம். அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 208 அடி. ஒவ்வொரு பக்கத்தையும் நான்காகப் பிரித்தால் 52 அடிக்கு 52 அடியாக 16 கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டம் 6.25 சென்ட். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மேல் மண் எடுத்து உப்பை அளந்ததில், மேற்கிலிருந்து கிழக்காகக் கீழ்க்கண்ட எண்கள் வந்ததாக வைத்துக் கொள்ளலாம்.

வடக்கு முதல் வரிசை: 1.2, 1.4, 1.8, 2.6
இரண்டாம் வரிசை: 1.4, 1.6, 2.4, 4.8
மூன்றாம் வரிசை: 1.6, 2.0, 3.8, 8.2
தெற்குக் கடைசி வரிசை: 1.8, 2.6, 6.4, 10.4

இவை மண் சாற்றின் மின் கடத்தும் திறனை, மீட்டருக்கு இத்தனை டெசி சைமன் என்று குறிக்கும் எண்கள். நீரில் கரைந்துள்ள உப்பு கூடக்கூட மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதே இந்த அளவையின் அடிப்படை. பழைய முடிவுத் தாள்களில் மில்லிமோ என்று இருக்கும். அலகின் பெயர்தான் வேறு, எண் ஒன்றே. இனி இக்கட்டுரையில் அலகைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் எண் மட்டும் தரப்படுகிறது.

மேற்கண்ட 16 எண்களின் சராசரி 3.4. நிறைசேற்றுச் சாற்றில் 4-க்கு மேல் இருந்தால்தான் உவர் நிலம் என்பது அமெரிக்க உப்பு மண் ஆய்வுக்கூடம் 1954-ல் வெளியிட்ட கையேட்டிலிருந்து உலகெங்கும் பின்பற்றப்படும் எல்லை. ஆகவே, 16 இடத்து மண்ணையும் கலந்து அனுப்பினால் ‘உவர் நிலம் அல்ல’ என்றே பதில் வரும்.

நெல்லின் கணக்கைப் பார்க்கலாம். மாஸ், ஹாஃப்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 1977-ல் வெளியிட்ட பட்டியலின்படி, நெல் 3.0 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகு கூடும்போதும் 12 சதவீதம் விளைச்சல் குறையும். கலந்த மாதிரியின் 3.4-ஐ வைத்துக் கணக்கிட்டால் இழப்பு 5 சதவீதமே. கட்டம் கட்டமாகக் கணக்கிட்டால் 4.8 உள்ள கட்டத்தில் 22 சதவீதமும், 6.4-ல் 41 சதவீதமும், 8.2-ல் 62 சதவீதமும், 10.4-ல் 89 சதவீதமும் இழப்பு. 3.8 உள்ள கட்டத்தில் 10 சதவீதம். மொத்தத்தில் ஏக்கருக்கு ஏறத்தாழ 14 சதவீதம். இது தோராயக் கணக்குதான். ஆனால், இந்த இழப்பு முழுவதும் ஐந்தே கட்டங்களில், அதாவது 31 சென்டில் மட்டும் நிகழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற 11 கட்டங்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ஏக்கர் முழுவதற்கும் செலவு செய்வது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீண்.

உவர் வேறு, களர் வேறு

உப்பு நிலம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் இதில் இரண்டு வகை உண்டு. கரையும் உப்புக்கள் மிகுந்திருப்பது உவர் நிலம். இதில் மின் கடத்தும் திறன் 4-க்கு மேல் இருக்கும். கார அமில நிலை 8.5-க்குக் கீழே இருக்கும். மண்ணின் களித் துகள்களோடு சோடியம் ஒட்டிக் கொண்டிருப்பது களர் நிலம். இதில் கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும். மண்ணோடு ஒட்டிய சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மின் கடத்தும் திறன் குறைவாகவே இருக்கலாம். இரண்டு குணமும் சேர்ந்திருப்பது உவர்களர்.

நீரைப் பார்த்தே ஓரளவு கண்டு கொள்ளலாம். உவர் நிலத்தில் தேங்கும் நீர் தெளிந்து நிற்கும். காய்ந்தால் வெள்ளை பூக்கும். களர் நிலத்தில் தேங்கும் நீர் நாட்கணக்கில் கலங்கியே நிற்கும். காய்ந்தால் மண் கல்லாக இறுகும். சில இடங்களில் கருமையான படிவு தெரியும்.

ஜிப்சம் என்பது களருக்கு மருந்து. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, மண்ணில் ஒட்டிய சோடியத்தை விலக்குகிறது. உவர் நிலத்தில் விலக்க வேண்டிய சோடியம் அவ்வளவாக இல்லை. ஜிப்சமும் ஓர் உப்பே ஆகையால், அங்கே அதனால் நன்மை கிடையாது. தமிழ்நாட்டில் உப்பினால் பாதிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 3.68 லட்சம் எக்டேர் என்று தேசிய அளவிலான கணக்கெடுப்பு கூறுகிறது. இதில் ஏறத்தாழ 3.55 லட்சம் எக்டேர் களர் வகையைச் சேர்ந்தது. கடலோர உவர் நிலம் 13 ஆயிரம் எக்டேரை ஒட்டியதே. மாநிலத்தில் களர் மிகுதி என்பதால், ‘உப்பு என்றால் ஜிப்சம்’ என்ற எண்ணம் கடலோர விவசாயிகளிடமும் பரவிவிட்டது. ஆகவே அளக்கும்போது மின் கடத்தும் திறனோடு கார அமில நிலையையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

எந்த மாதத்தில் அளப்பது?

உப்பு ஓரிடத்தில் நிற்கும் பொருள் அன்று, நீரோடு நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழே இறங்கும். அறுவடைக்குப் பின் வயல் தரிசாகக் கிடக்கும்போது, நிலத்தடி நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறி ஆவியாகும். நீர் போய்விடும், உப்பு மேலே தங்கிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்றதே இது. எனவே தை மாதத்தில் எடுத்த மண்ணும் சித்திரையில் எடுத்த மண்ணும் ஒரே முடிவைத் தருவதில்லை.

உப்பு உச்சத்தில் இருக்கும் நிலையை அறிய, பங்குனி, சித்திரை மாதங்களில் மண் எடுப்பது நல்லது. கோடை மழை பெய்து ஒரு வாரத்துக்குள் எடுக்கக் கூடாது. உரமோ ஜிப்சமோ இட்ட வயலிலும் உடனே எடுக்கக் கூடாது. ஒரு முறை சித்திரையில் எடுத்தால் அடுத்த ஆண்டும் சித்திரையிலேயே எடுக்க வேண்டும். இல்லையேல் இரண்டு படங்களையும் ஒப்பிட முடியாது.

முதல் வேலை: வயலைச் சுற்றி நடத்தல்

கருவியைத் தொடுமுன் புலப்படத்தின் பிரதி ஒன்றைக் கையில் எடுத்துக் கொண்டு வயலைச் சுற்றி வர வேண்டும். காலை வேளையில் வெள்ளைப் பூப்பு நன்றாகத் தெரியும். அது எங்கெங்கே உள்ளது, உமரி எங்கே முளைத்திருக்கிறது, எந்த இடத்தில் களைகூட இல்லாமல் மண் வெறுமையாகக் கிடக்கிறது என்று படத்தில் குறித்துக் கொள்ள வேண்டும். வாய்க்கால், வடிகால், மடை, ஆழ்துளைக் கிணறு, மேடு, பள்ளம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். சென்ற சம்பாவில் நாற்று செத்த இடம் எது என்பது விவசாயிக்கே நன்றாகத் தெரியும். அதுவும் படத்தில் ஏற வேண்டும். வெள்ளை பூத்திருப்பது மேல் மண்ணின் செய்தியை மட்டுமே சொல்லும். அதன் கீழே என்ன இருக்கிறது என்பதை அளந்துதான் அறிய முடியும்.

கட்டம் பிரித்து மண் எடுத்தல்

ஏக்கருக்கு 16 கட்டம் என்பது சாதாரண வயலுக்குப் போதும். கயிற்றில் 52 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு ஆட்கள் சேர்ந்து குச்சி நட்டுவிடலாம். வயல் கோணலாக இருந்தால் ஓரக் கட்டங்கள் சிறியனவாக அமையும், அதனால் குற்றமில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும்.

கட்டத்தின் நடுவில் மூன்று நான்கு அடி வட்டத்துக்குள் ஐந்து இடத்தில் அரை அடி, அதாவது 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, அந்த ஐந்தை மட்டும் கலக்கலாம். ஒரு கட்டத்து மண்ணை இன்னொரு கட்டத்து மண்ணோடு கலக்கவே கூடாது. மேலே பூத்துள்ள வெள்ளைப் பொருக்கைத் தள்ளிவிட்டு மண் எடுப்பது சிலரது வழக்கம். உப்பை அளக்கும்போது அது தவறு. பொருக்கும் சேர்ந்ததுதான் மேல் மண். வரப்பு ஓரம், எருக்குழி இருந்த இடம், மர நிழல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எல்லாக் கட்டத்திலும் ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. பயிர் மிக நன்றாக இருந்த ஒரு கட்டம், மிக மோசமான ஒரு கட்டம், இடைப்பட்ட இரண்டு கட்டங்கள் ஆகிய நான்கில் மட்டும் 15 முதல் 30 செ.மீ., 30 முதல் 60 செ.மீ., 60 முதல் 90 செ.மீ. வரை தனித்தனியாக எடுத்தால் போதும். மண் துளைக்கும் கருவி இருந்தால் வேலை எளிது. இல்லையேல் மண்வெட்டியால் குழி வெட்டி, குழியின் சுவரிலிருந்து கீழிருந்து மேலாக மண்ணைச் சுரண்டி எடுக்கலாம். மேலிருந்து சுரண்டினால் மேல் மண்ணின் உப்பு கீழ் மண்ணில் விழுந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

உரச் சாக்கில் மண்ணைப் போட்டு வைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை உரமே அளவை மாற்றிவிடும். புதிய பிளாஸ்டிக் பையில் கட்டம் எண், ஆழம், தேதி எழுதிய சீட்டைப் போட்டுக் கட்டி, பிறகு மண்ணை நிழலில் உலர்த்த வேண்டும்.

விவசாயி தாமே அளக்கும் முறை

இன்று பேனா அளவில் மின் கடத்தும் திறனைக் காட்டும் கருவிகள் விற்கின்றன. ஒரு கிராமத்துக்கு ஒன்று இருந்தாலும் போதும். 20 கிராம் உலர்ந்த மண்ணைக் கட்டி உடைத்து, சுத்தமான கண்ணாடிக் குவளையில் போட்டு, 100 மில்லி லிட்டர் வாலை வடிநீரோ சுத்தமாகப் பிடித்த மழை நீரோ ஊற்ற வேண்டும். கிணற்று நீரைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து முறை நன்றாகக் கலக்கி, பிறகு அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் நீரில் கருவியை வைத்து எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே கருவியை வடிநீரில் கழுவ வேண்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, கருவி சரியாக இருக்கிறதா என்று 1.413 காட்ட வேண்டிய நியமக் கரைசலில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வெப்பம். அளவுகள் எல்லாம் 25 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. ஒரு டிகிரி கூடினால் எண் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். வெப்பத்தைத் தானே சரிசெய்து கொள்ளாத கருவியைச் சித்திரை நண்பகலில் 35 டிகிரியில் பயன்படுத்தினால், உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். மூன்றாவது, சில கருவிகள் மைக்ரோ சைமன் கணக்கில் காட்டும். சென்டிமீட்டருக்கு 2,000 மைக்ரோ சைமன் என்றால், மீட்டருக்கு 2 டெசி சைமன் என்றே பொருள்.

ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து அளந்த எண்ணை, முன்பு சொன்ன 4 என்ற எல்லையோடு நேராக ஒப்பிடக் கூடாது. அந்த எல்லை, மண்ணைச் சேறாகக் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கு உரியது. நீர் அதிகம் சேர்த்தால் உப்பு நீர்த்துப் போகும், எண் குறையும். மணல் கலந்த வண்டல் மண்ணில் ஏறத்தாழ 14-ஆலும், கனத்த களிமண்ணில் ஏறத்தாழ 6-ஆலும் பெருக்கினால் சாற்றின் அளவு தோராயமாகக் கிடைக்கும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வீட்டில் அளந்ததில் குறைந்த எண், நடு எண், மிக உயர்ந்த எண் வந்த மூன்று மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நிறைசேற்றுச் சாற்றில் அளந்து தரும்படி கேட்க வேண்டும். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் அந்த வயலுக்கே உரிய பெருக்கும் எண் கிடைத்துவிடும். கார அமில நிலையையும் அப்போதே பார்த்துக் கொள்ளலாம்.

மண் பரிசோதனை நிலையங்கள் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் சேர்த்து அளக்கின்றன. முடிவுத் தாளைப் பெறும்போது எந்த விகிதத்தில் அளந்தது என்று கேட்டு எழுதிக் கொள்வது மிகவும் அவசியம். விகிதம் தெரியாத எண் பயனற்ற எண்.

எண்களைப் படமாக்குதல்

புலப்படப் பிரதியில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அதன் எண்ணை எழுத வேண்டும். பிறகு 2, 4, 8 என்ற அளவுகளுக்குக் கோடு வரைய வேண்டும். முன் சொன்ன உதாரணத்தில் இரண்டாம் வரிசையின் மூன்றாம் கட்டம் 2.4, நான்காம் கட்டம் 4.8. இரண்டுக்கும் இடைவெளி 52 அடி. 4 என்ற அளவு 2.4-லிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், அதாவது ஏறத்தாழ 35 அடியில் வரும். அங்கே ஒரு புள்ளி வைக்க வேண்டும். கடைசி வரிசையில் 2.6-க்கும் 6.4-க்கும் இடையே 19 அடியில் இன்னொரு புள்ளி. இவ்வாறு வைத்த புள்ளிகளை இணைத்தால் தென்கிழக்கு மூலையை வளைத்துக் கொண்டு ஒரு கோடு கிடைக்கும். அதற்கு உள்ளே இருப்பது உவர், வெளியே இருப்பது நல்ல நிலம். வண்ணப் பென்சிலால் 2-க்குக் கீழே பச்சை, 2 முதல் 4 வரை மஞ்சள், 4 முதல் 8 வரை ஆரஞ்சு, 8-க்கு மேல் சிவப்பு என்று தீட்டிவிட்டால் படிப்பறியாதவரும் ஒரே பார்வையில் புரிந்து கொள்ளலாம்.

படம் சொல்லும் செய்தி

உப்பு எவ்வளவு என்பதோடு, அது எந்த வழியாக வந்தது என்பதையும் படத்தின் வடிவம் காட்டிக் கொடுக்கும்.

சிவப்பு, ஒரு மூலையிலோ தாழ்ந்த பக்கத்திலோ இருந்தால் வடிகால் அடைபட்டிருப்பதாகக் கொள்ளலாம். வாய்க்காலையோ உப்பனாற்றையோ ஒட்டி நீள வாக்கில் இருந்தால் கசிவு காரணம். வயலின் நடுவே தீவு போலத் தனியாக இருந்தால் அந்த இடம் மேடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாயும் நீர் மேட்டில் ஏறுவதில்லை. சுற்றியுள்ள ஈரத்தை மேடு உறிஞ்சி ஆவியாக்கி, உப்பை மட்டும் வைத்துக் கொள்கிறது. ஓரிரு அங்குல மேடே இதற்குப் போதும். வயல் முழுவதும் ஒரே நிறமாக, மடை அருகிலும் குறையாமல் இருந்தால் பாசன நீரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆழ மாதிரிகளும் இவ்வாறே. மேலே அதிகமாகவும் கீழே போகப் போகக் குறைவாகவும் இருந்தால், உப்பு நிலத்தடியிலிருந்து ஏறி வந்து மேலே தங்குகிறது, அல்லது மேலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தால், மழை உப்பைக் கீழே இறக்கியிருக்கிறது. அது மீண்டும் ஏறாமல் பார்த்துக் கொள்வதே அங்கு வேலை. சந்தேகம் இருந்தால், துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இரண்டு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மாதம் ஒரு முறை நீர் மட்டத்தையும் அந்த நீரின் உப்பையும் அளந்து வரலாம். கோடையில் உப்பு நீர் ஒன்றரை மீட்டருக்கும் மேலே நின்றால், அந்த நிலத்தை வெறுமையாகப் போட்டு வைப்பது ஆபத்து.

பாசன நீரின் கணக்கு

குழாய்க் கிணற்று நீரைக் கோடைப் பயிருக்குப் பாய்ச்சுவோர் ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். மின் கடத்தும் திறன் 1 உள்ள நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லி கிராம் உப்பு இருக்கிறது. நீரின் அளவு 2 என்று வைத்துக் கொண்டால், ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்டும்போது ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் நீரோடு 260 கிலோ உப்பும் வயலுக்குள் நுழைகிறது. ஒரே பாசனத்தில் ஐம்பது கிலோ மூட்டை ஐந்துக்கு மேல்! பத்துப் பாசனத்துக்கு 50 மூட்டை. இதைக் கண்ணால் காண முடியாததால்தான் யாரும் கவலைப்படுவதில்லை. பொதுவாக நீரின் அளவு 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-க்கு மேல் இருந்தால் சாதாரணப் பயிர்களுக்கு ஏற்றதல்ல. கடலோரத்தில் இறைக்க இறைக்கக் கடல் நீர் உள்ளே வரும் ஆதலால், போர் போட்ட அன்று அளந்ததே போதும் என்று இருக்காமல், ஆண்டுதோறும் கோடையில் அளக்க வேண்டும்.

படத்தைக் கொண்டு செய்ய வேண்டியவை

உவர் நிலத்துக்கு மருந்து நல்ல நீரும் வடிகாலும். உதாரணப் படத்தில் தென்கிழக்கு மூலை மட்டுமே சிவப்பு. முதலில் அந்தப் பக்கத்து வடிகாலைத் தூர் வாரி ஆழப்படுத்த வேண்டும். பிறகு அந்தப் பகுதியை மட்டும் தனி வரப்புப் போட்டுப் பிரித்து, மட்டப்படுத்தி, ஆற்று நீரோ மழை நீரோ கிடைக்கும் காலத்தில் நீர் தேக்கிக் கீழே இறங்கவிட வேண்டும். ஓரடி ஆழ மண்ணில் உள்ள உப்பில் ஏறத்தாழ பாதி போக அரையடி நீரும், ஐந்தில் நான்கு பங்கு போக ஓரடி நீரும் அந்த மண்ணுக்குள் இறங்கிச் செல்ல வேண்டும். மேலே ஓடிப் போகும் நீரும் ஆவியாகும் நீரும் இந்தக் கணக்கில் சேரா. வடிகால் இல்லாமல் நீர் தேக்கினால் நிலத்தடி நீர் உயர்ந்து, கோடையில் முன்னிலும் அதிக உப்பு மேலே வரும்.

மஞ்சள், ஆரஞ்சுப் பகுதிகளுக்குப் பயிரை மாற்றுவது எளிய வழி. முன் சொன்ன பட்டியலின்படி நிலக்கடலை 3.2 வரை தாங்கினாலும் அதற்கு மேல் அலகுக்கு 29 சதவீதம் இழக்கும். வெங்காயம் 1.2-லேயே வாடத் தொடங்கும். பருத்தி 7.7 வரை தாங்கும், பிறகும் அலகுக்கு 5 சதவீத அளவே இழக்கும். நெல் பயிரிடுவோர் உவரைத் தாங்கும் கோ 43 போன்ற இரகத்தை அந்தப் பகுதிக்குத் தேர்ந்தெடுக்கலாம். டி.ஆர்.ஒய்.1, டி.ஆர்.ஒய்.3 ஆகியவை களர் நிலத்துக்காக வெளியிடப்பட்டவை. நெல்லுக்கு நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்புக்கு அஞ்ச வேண்டிய காலங்கள். எனவே சிவப்பை ஒட்டிய இடத்தில் இளம் நாற்றை நடாமல், சற்று வயதான நாற்றைக் குத்துக்கு இரண்டொன்று கூடுதலாக வைத்து நடுவது நல்லது. அறுவடைக்குப் பின் அந்த மூலையை வெறுமையாக விடாமல் வைக்கோலால் மூடினால் உப்பு மேலேறுவது குறையும். ஈரம் இருக்கும்போதே தக்கைப் பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண்ணும் இளகும்.

பேரலை தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப் பேரலை நாகைக் கடலோர வயல்களில் புகுந்தபோது சம்பா அறுவடையை நெருங்கிக் கொண்டிருந்தது. கடல் நீரின் மின் கடத்தும் திறன் 50-ஐ ஒட்டியது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஓர் ஏக்கரில் 10 செ.மீ. கடல் நீர் நின்று வற்றினால் 14 டன் உப்பு தங்கும். இனி அந்த நிலங்களில் பயிரே வராது என்று பலரும் அஞ்சினர். ஆனால், 2005-ல் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்தது. நீர் எளிதில் இறங்கும் மணற்பாங்கான வயல்கள் விரைவில் தேறின. வடிகாலற்ற தாழ்ந்த களிமண் வயல்கள் பின்தங்கின. அலை ஒன்றே, மழையும் ஒன்றே, மீட்சி மட்டும் வயலுக்கு வயல் வேறுபட்டது. எந்த வயல் தேறியது, எது தேறவில்லை என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. கடல் நீர் பாய்ந்த களிமண்ணில், உப்பு கழுவப்பட்ட பிறகு சோடியம் தங்கியிருக்கிறதா என்று பரிசோதித்து, இருந்தால் அப்போது ஜிப்சம் இடுவது முறை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. இத்தகைய புயல்களில் கடல் நீர் புகுந்த நிலங்களுக்கும் இதே பாடம் பொருந்தும்.

பெரிய படங்களும் சிறிய வயலும்

செயற்கைக் கோள் படங்களின் உதவியோடு நாட்டின் உப்பு நிலங்கள் ஏற்கெனவே வரையப்பட்டுள்ளன. இந்தியாவில் ஏறத்தாழ 67.3 லட்சம் எக்டேர் என்ற கணக்கு அவ்வாறு வந்ததே. ஆனால், அந்தப் படங்களில் ஒரு மில்லி மீட்டர் என்பது நிலத்தில் 250 மீட்டர். ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் அதில் கால் மில்லி மீட்டர்தான். திட்டமிடும் அரசுக்கு அப்படம் பயன்படும், தனி விவசாயியின் மூலைத் திட்டு அதில் தெரியாது. 1969-ல் தொடங்கப்பட்டு கர்னாலில் இயங்கும் மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், மண்ணைத் தோண்டாமலே மேலே பிடித்து நடந்தால் ஒன்றரை மீட்டர் ஆழம் வரையிலான உப்பைக் காட்டும் மின்காந்தக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. கருவி காட்டுவது ஈரம், களித்தன்மை, உப்பு மூன்றும் சேர்ந்த அளவு. ஆகையால் அங்கும் சில இடங்களில் மண் எடுத்து ஒப்பிட்டே படம் முடிக்கப்படுகிறது. விலை உயர்ந்த அக்கருவி இல்லாத விவசாயிக்கும் கயிறு, மண்வெட்டி, பேனாக் கருவி, ஒரு தாள் ஆகியவை போதும்.

முதலாண்டுப் படத்தை எறிந்துவிடாமல் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். மறு சித்திரையில் அதே 16 இடங்களில் அளந்து இரண்டாவது படம் போட வேண்டும். 4 என்ற கோடு மூலையை நோக்கிச் சுருங்கியிருந்தால் வடிகால் வேலை செய்கிறது. வயலின் நடுவை நோக்கி நகர்ந்திருந்தால் செய்த வேலை போதவில்லை என்று பொருள். பக்கத்து வயல்காரரும் இவ்வாறே படம் போட்டு, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், உப்பு எந்த வரப்பைத் தாண்டி வருகிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வடிகாலைத் தூர் வாருவது தனி ஒருவரால் ஆகும் வேலையன்று. அதற்கு ஊரைக் கூட்டும்போது, இந்தப் படமே சாட்சி சொல்லும்.